குழியை மூடச் சொன்னது நான்தான்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆவணி மாதக் காலையில், குறிஞ்சிப்பாடியிலிருந்து உள்ளே பிரிந்து போகும் சாலையில் இருக்கிற ஒரு நெசவு ஊரில், ஒரு அக்காவின் வீட்டுக் குழித்தறியை மண் கொட்டி மூட வைத்தேன். மூடி முடித்ததும் கைதட்டினேன். போட்டோ எடுத்தேன். அந்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊருக்கு நான் செய்தது போதும்.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தரையில் தொடையளவு ஆழத்துக்கு ஒரு குழி இருக்கும். அதன் மேல் தறி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்ய வேண்டும். அந்த ஊரில் வீடு கட்டும்போதே குழிக்கு இடம் விட்டுத்தான் கட்டுவார்கள். ஆயுத பூஜை அன்று குழிக்குள் இறங்கி விளக்கு வைப்பார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதல் தடவை பார்த்தபோது, இந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து ஒரு மனுஷி வேலை செய்வதா என்றுதான் தோன்றியது.

நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். அப்பா சிப்காட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சிதம்பரத்தில் சமூகப் பணி படித்தேன். படித்து முடித்து நாலு இடம் அலைந்து, கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள அலுவலர் வேலை கிடைத்தது. நெசவு செய்யும் பெண்களைக் கூட்டுறவாகச் சேர்த்து, தொழில் பயிற்சி கொடுத்து, அவர்கள் நெய்வதை நியாய வணிகம் என்ற முறையில் வெளிநாட்டுக்கு விற்க வைப்பது எங்கள் திட்டம். அதுவரை அந்தப் பெண்கள் ஒரு முதலாளிக்குக் கைலி நெய்துகொண்டிருந்தார்கள். நூலும், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவும் அவர் தருவார், நெய்த கைலியை அவரே எடுத்துக்கொள்வார், கூலியும் அவர் சொல்வதுதான். ஆண்கள் பாதிப் பேர் தறியை விட்டுவிட்டு சிப்காட்டுக்கும் நெய்வேலிக்கும் போய்விட்டார்கள். தறியில் மிச்சம் இருந்தது பெண்கள்.

முதல் கூட்டத்தில் நான் எழுந்து நின்று நியாய வணிகம் பற்றி அரை மணி நேரம் பேசினேன். இடைத்தரகர் கிடையாது, விலையை முன்கூட்டியே பேசி முடிப்பார்கள், வேலை செய்யும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும், குழந்தைகள் வேலை செய்யக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பெண் கேட்டாள்.

"நியாய வணிகம்னா இன்னாம்மா, ரேசன் கடை மாதிரியா?"

"ரேசன் கடையில ஏதுடி நியாயம்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். கூட்டம் சிரித்தது.

அப்படிச் சொன்னவள் பரங்கிப்பேட்டைப் பக்கம் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊரே அவளைப் பரங்கிப்பேட்டைக்காரி என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயது இருக்கும். வாய் ஜாஸ்தி. எனக்கு முதல் நாளே அவளைப் பிடிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொரு அக்காவை. நாற்பது வயது, மெலிந்த உடம்பு, அதிகம் பேச மாட்டாள், சொன்னதை உடனே பிடித்துக்கொள்வாள். எட்டாவது வரை படித்தவள். புருஷன் சிப்காட்டில் மூட்டை ஏற்றுகிறார். ஒரே மகள் ஒன்பதாவது. எங்கள் சங்கத்துக்கு அந்த அக்காவைத்தான் தலைவி ஆக்கினோம். ஆக்கினோம் என்ன, நான் ஆக்கினேன். தேர்தல் நடத்தினோம், ஆனால் யார் பெயரை யார் முன்மொழிய வேண்டும் என்று முதல் நாளே நான் சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு சிதம்பரத்தில் ஐந்து நாள் பயிற்சி. கீழ வீதியை ஒட்டி ஒரு சிறிய மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பன்னிரண்டு பெண்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். நல்ல பேச்சு. கூட்டுறவு என்றால் என்ன, தீர்மானம் எப்படிப் போடுவது, எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்து போடாதீர்கள் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு கதை சொன்னார். ஒரு தளபதி படையோடு கப்பலில் வந்து எதிரி நாட்டுக் கரையில் இறங்கினானாம். இறங்கியதும் வந்த கப்பல்களை எல்லாம் எரிக்கச் சொன்னானாம். திரும்பிப் போக வழி இல்லை என்று தெரிந்ததும் வீரர்கள் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டு ஜெயித்தார்களாம்.

பரங்கிப்பேட்டைக்காரி கையைத் தூக்கினாள்.

"சார், ஜெயிச்சதும் வூட்டுக்கு எதுல போனாங்க?"

மண்டபமே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துவிட்டு, "அம்மா, வீட்டுக்குப் போற நெனப்பே வரக் கூடாது, அதான் பாயிண்ட்டு" என்றார். எல்லோரும் கைதட்டினோம். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது நான். அந்தக் கதையை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸிலும் அவள் விடவில்லை. "எங்க ஊருல எவனாவது போட்டை எரிச்சான்னா மரத்துல கட்டி வெச்சி அடிப்பாங்க. அவனுக்குப் போயி கை தட்டறீங்களேடி." எனக்கு எரிச்சலாக வந்தது. முன்னேற விருப்பம் இல்லாத ஆள் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையை நிறுவனம் வாடகைக்கு எடுத்தது. அதில் தரைக்கு மேலே நிற்கும் புதுத் தறிகள் பதினாறு வந்து இறங்கின. இரும்புச் சட்டம், உட்கார பெஞ்சு, மின்விசிறி, பெண்களுக்குக் கழிப்பறை. பார்க்க நன்றாக இருந்தது. மழைக்காலத்தில் வீட்டுக் குழிகளில் தண்ணீர் ஊறி, ஐப்பசி கார்த்திகையில் வேலை நின்றுபோகும். கொட்டகையில் அந்தத் தொல்லை இல்லை. நான் பொய் சொல்லவில்லை. அதெல்லாம் நல்லதுதான்.

ஆனால் இதற்கு மேல் நான் ஒன்று செய்தேன். நியாய வணிகச் சான்றிதழ் கொடுக்கிறவர்களின் விதியில், வேலை செய்யும் இடத்தை வந்து பார்வையிட முடிய வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. வீட்டுக் குழியை மூடு என்று எந்த விதியிலும் இல்லை. அதைச் சேர்த்தது நான். குழி இருந்தால் கொட்டகை வேலை முடிந்து வீட்டுக்குப் போய் அந்த முதலாளிக்கு மறுபடி கைலி நெய்வார்கள், சங்கம் உருப்படாது என்று நினைத்தேன். தளபதியின் கதை மண்டைக்குள் வேறு உட்கார்ந்திருந்தது. தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப முன்பு, பின்பு என்று இரண்டு போட்டோ வைத்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசையும் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. அதனால் ஒரு விதி எழுதினேன். குழியை மூடியவர்தான் சங்கத்தில் உறுப்பினர்.

அந்த அக்கா என்னிடம் தனியாகக் கேட்டாள். "அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது. யாருக்கும்மா பாரம்?"

"அக்கா, ஒரு கால அங்க ஒரு கால இங்க வெச்சிக்கிட்டு நடக்க முடியாதுக்கா. நீங்க தலைவி. நீங்க மூடினாத்தான் மத்தவங்க மூடுவாங்க."

"சரி, நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மூடும் நாள் அவள் புருஷன் எங்கோ இடித்த சுவரின் செங்கல் கட்டிகளை வண்டியில் கொண்டு வந்து வாசலில் கொட்டி வைத்திருந்தார். அவருக்குச் சந்தோஷம்தான். அந்த இடத்தில் ஒரு கட்டில் போடலாம், பெண் உட்கார்ந்து படிக்க ஒரு மேசை போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தறியைக் கழற்றியாகிவிட்டது. தரையில் புதைத்திருந்த தறிக் கால்களை அறுத்தாகிவிட்டது. முதல் சட்டி மண்ணை அக்காவே கொட்ட வேண்டும் என்று நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். கிழிந்த துணி ஒன்றால் குழியின் அடியைத் துடைத்தாள். மூலையில் இருந்த நூல் குப்பையைப் பொறுக்கி எடுத்தாள்.

"மூடப் போற குழிய எதுக்குக்கா தொடைக்கிறீங்க?"

"பழக்கம்மா" என்றாள்.

பிறகு மேலே ஏறி மண்ணைக் கொட்டினாள். "சிரிங்கக்கா" என்றேன். சிரித்தாள்.

இரண்டு வாரத்தில் பதினைந்து வீடுகளில் குழிகளை மூடினார்கள். பரங்கிப்பேட்டைக்காரி மட்டும் மூடவில்லை. "உன் கொட்டாய்க்கும் வர்றேன். என் வூட்டுக் குழி என் வூட்டுல இருக்கட்டும். அது உன்ன இன்னா பண்ணுது?" என்றாள். விதி விதிதான் என்றேன். கூட்டம் போட்டு, அவளைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று கை தூக்கச் சொன்னேன். நாங்கள் சொல்லிக் கொடுத்த கூட்டுறவு முறைப்படியே அவளை வெளியே அனுப்பினார்கள். அக்கா கடைசியாகக் கை தூக்கினாள், என்னைப் பார்த்துக்கொண்டே. பரங்கிப்பேட்டைக்காரி புடவையை உதறிக்கொண்டு எழுந்து, "போங்கடி, போயி நல்லா நீஞ்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கென்று வைத்திருந்த பதினாறாவது தறியில், வீட்டில் குழி இல்லாத வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள்.

முதல் வருடம் நன்றாகப் போனது. அதையும் சொல்ல வேண்டும். மேசை விரிப்புகள், துண்டுகள் என்று வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா போனில் சாம்பிள், டெலிவரி என்றெல்லாம் பேச ஆரம்பித்தாள். சிதம்பரத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெட்கமும் பெருமையும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த சித்திரையில் தொல்லை ஆரம்பித்தது. தகரக் கொட்டகை அடுப்பாகக் காய்ந்தது. நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் நெய்வதற்குள் நாலு இடத்தில் முடிச்சு. பெண்கள் ஈரச் சாக்கைத் தரையில் விரித்துப் பார்த்தார்கள், தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். நான் நூல் சரியில்லை என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அக்காதான் மெதுவாகச் சொன்னாள். "நூலு மேல தப்பு இல்லம்மா. குழியில எப்பவும் ஈரம் இருக்கும். பாவு அந்தக் குளுமையிலயே இருக்கும், அறுவாது. இங்க காத்தும் அனலும்தானே."

"இத ஏங்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா."

அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடிச்சு இருந்த துணிகளை வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் வந்த ஆர்டர் பாதி. அப்புறம் அதில் பாதி. மூன்றாம் வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேலாளர் வந்து, திட்ட காலம் முடிந்துவிட்டது, இனி இந்தப் பகுதியில் வேறு வேலை என்று என்னிடம் சொன்னார். பெண்களிடம் அதை நீயே சொல்லிவிடு என்றார். தறிகள் திட்டத்தின் சொத்தாம். வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டுமாம். எனக்கு அது வரைக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் சரி. நான் கையெழுத்து போட்ட தாள்களில் எங்கேயோ அது இருந்திருக்கிறது. படித்துப் பார்க்காமல் கையெழுத்து போடக் கூடாது என்று மண்டபத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டவள் நான்.

லாரி வந்தது ஒரு மத்தியானம். தறிகளைக் கழற்றி ஏற்றினார்கள். சங்கத் தலைவி என்ற முறையில் அக்கா ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து போட வேண்டும். தாளை நீட்டினேன். அவள் வாங்கி முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். மற்ற பெண்கள் சுற்றி நின்றார்கள். லாரிக்காரர், "எம்மா, நேரமாவுது, போட்டுக் குடும்மா" என்றார். அவள் நிமிரவே இல்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "அப்ப இதுல எங்களுதுன்னு ஒண்ணுமே இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

நான் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன். அவள் கையெழுத்து போட்டாள். தலைவி என்று எழுதி, கீழே கோடும் போட்டாள், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

நான் பஸ் ஏறிக் கடலூருக்கு வந்தேன். அடுத்த மாதத்திலிருந்து அதே நிறுவனம், அதே சம்பளம், வேறு திட்டம். ஆறு மாதம் அதிலும் இருந்துவிட்டு விலகினேன். மனசாட்சி உறுத்தி விலகினேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் அந்தத் திட்டமும் முடிந்துவிட்டது. இப்போது கடலூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன்.

போன வருடம் ஆவணியில் பண்ருட்டி பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் கூப்பிட்டதும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். காடாம்புலியூர் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டை உடைக்கும் இடத்தில் வேலை என்றாள். ஊரிலிருந்து எட்டுப் பேர் போகிறார்களாம். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். அன்றைக்கு மகளுடைய காலேஜ் வேலையாக பண்ருட்டியில் இறங்கியிருக்கிறாள்.

"கையக் காட்டுங்கக்கா" என்றேன். காட்ட மாட்டேன் என்றாள். நானே பிடித்து இழுத்தேன். முந்திரி ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டு விரல்கள் எல்லாம் கருத்து, தோல் பாளம் பாளமாக உரிந்திருந்தது. சாம்பலும் விளக்கெண்ணெயும் பூசிக்கொண்டுதான் உட்காருவார்களாம். அப்படியும் எண்ணெய் ஏறிவிடுமாம்.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சிதுன்னாகூடப் பரவாயில்லம்மா. ஒண்ணும் தெரியறதே இல்ல" என்றாள். பிறகு, "நீ கல்யாணம் பண்ணிக்கிட்டியா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தப் பழைய போட்டோவையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. மூடியது நான்தானே, திறந்து கொடுத்துவிடுவோம். எனக்கு எப்பவுமே யோசனைக்குக் குறைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடப்பாறை பிடிக்க ஓர் ஆளோடு அக்கா வீட்டுக்குப் போனேன். குழி இருந்த இடத்தில் சிமெண்ட் தரை, அதன் மேல் கட்டில். அக்காவின் புருஷன் என்னையும் கடப்பாறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, மூடச் சொன்னதும் நீதான், தோண்டச் சொல்றதும் நீதானா? என் வூடு இன்னா உனக்கு பரிச்ச பேப்பரா, எழுதி எழுதி அழிக்க?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? அக்காதான், "மாமா, உடுங்க. ஒரு தடவ பாப்போம்" என்றாள். அவள் குரலில் ஆசை இருந்தது. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டதற்காகவும் என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

தரையை உடைத்தோம். நானும் செங்கல் கட்டிகளை அள்ளி வெளியே கொட்டினேன். மத்தியானத்துக்குள் குழி திறந்துவிட்டது. தறி? பதினைந்து வீடுகளிலும் தறிக் கட்டைகளை அடுப்பில் எரித்தோ, ஆட்டுக்குப் பட்டி கட்டியோ தீர்த்திருந்தார்கள். ஒரே ஒரு வீட்டில்தான் உபரியாக ஒரு தறி இருந்தது. பரங்கிப்பேட்டைக்காரி வீட்டில், செத்துப்போன மாமியாருடைய தறி.

அவள் தன் குழியில் உட்கார்ந்து கைலி நெய்துகொண்டிருந்தாள். அதே முதலாளிக்கு, அவர் சொல்கிற அதே கூலிக்கு. அவள் ஒன்றும் ஜெயித்து உட்கார்ந்திருக்கவில்லை. முதுகு கூனிவிட்டிருந்தது. ஆனால் தன் வீட்டில், தன் தறியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், குறுக்கு நூலோடு ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினாள். என்னென்ன சொல்லப் போகிறாளோ என்று நின்றேன்.

"தளபதியம்மா வந்திருக்காங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் திட்டவில்லை. கொல்லையில் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்த தறிக் கட்டைகளைத் தானே இறக்கிக் கொடுத்தாள். "அவளுக்குக் குடுக்கறேன், உனக்கு இல்ல. அவ நெய்யலன்னா திருப்பிக் குடுத்துடணும்."

பாவும் நூலும் வேண்டும். முதலாளியிடம் நானும் அக்காவும் போனோம். அவருடைய பிடியிலிருந்து இந்தப் பெண்களை விடுவித்ததாக அறிக்கை எழுதியவள் நான். அதே ஆளின் வாசலில் நின்று, ஒரு பாவு கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். கொடுத்தார். அக்காவைப் பார்த்து, "உன் கையி நல்ல கையாச்சே. வாம்மா" என்றார்.

தறி பூட்ட ஒரு வாரம் ஆனது. அடுத்த ஞாயிறு, சாப்பாட்டு நேரம் தாண்டி, அக்கா குளித்துவிட்டு வந்து குழியில் கால் வைத்தாள். மகள் பக்கத்தில் நின்றாள். புருஷன் வாசற்படியில் உட்கார்ந்து வெளியே பார்ப்பது போல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பரங்கிப்பேட்டைக்காரி சுவரில் சாய்ந்து நின்றாள். அக்கா மிதிகட்டையை மிதித்தாள். நாடா ஓடியது. கால் மறக்கவில்லை. நாலு விரல்கடை அளவு துணி விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு இழை அறுந்தது. புதுப் பாவில் அது சாதாரணம். அக்கா குனிந்து இரண்டு முனைகளையும் எடுத்துச் சேர்க்கப் போனாள். நூல் விரலிலிருந்து நழுவியது. மறுபடி எடுத்தாள். உரிந்த தோலின் பிசிறில் நூல் மாட்டி, பக்கத்து இழையையும் இழுத்து அறுத்தது. இரண்டையும் சேர்க்கப் போனாள். மூன்றாவது அறுந்தது. கையை முகத்துக்கு அருகில் கொண்டு வந்து, விரலில் நூல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடுகிறவள் அவள். கொட்டகைக் காலத்தில் என்னோடு பேசிக்கொண்டே, தறியைப் பார்க்காமலே போடுவாள்.

"விரல்ல நூலு இருக்குதா இல்லியான்னே தெரியலம்மா" என்றாள்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். அறுந்த இடம் ஒரு சாண் அகலத்துக்குப் பெரிதானது. பரங்கிப்பேட்டைக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இழையாக எடுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அப்படி எத்தனை நாளைக்குப் போடுவாள்?

"கொஞ்ச நாளு அந்த வேலைய வுட்டா தோலு வந்துடும்டி" என்றாள் பரங்கிப்பேட்டைக்காரி.

"அதுவரைக்கும் இவ காலேஜுக்கு?" என்று மகளைக் காட்டினாள் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இருக்கும் என்பது போல் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு பயிற்சிக் கையேடும் தீர்மான நோட்டும்தான்.

அக்கா தறியில் இருந்த துணியின் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தினாள். குழிக்குள் குனிந்து கீழே விழுந்திருந்த நூல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். அடியை ஒரு தடவை துடைத்தாள். மேலே ஏறி, "காலையில ஆறரைக்கு வேனு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த வாரம் தறியையும் பாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குழியின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். மறுபடி மூடப் பணமில்லை என்கிறார் அவள் புருஷன். ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறி, வீடு முழுக்க ஓதம் ஏறி, மகள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாளாம். அதுவும் என் உபகாரம்தான். போய்ப் பார்த்தபோது அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரின் சூடு அவள் கைக்குத் தெரியவில்லை. எனக்குக் கை சுட்டு, கீழே வைத்தேன்.

அவள் என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். திட்டு வாங்கியிருந்தால் பாக்கி தீர்ந்தது என்று நான் தூங்கப் போயிருப்பேன். அது அவளுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ.

பெண்களை உயர்த்துகிறோம் என்று ஊர் ஊராகக் கிளம்புகிறவர்களை இப்போது பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் கெட்டவளாக இருக்கவில்லை. கூட்டுறவும் நியாய வணிகமும் பொய் இல்லை. அந்த அக்காவின் குழி இருந்திருந்தால், கொட்டகை போன மறுநாளே அவள் அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். பயிற்சியாளர் சொன்ன அந்தக் கதை இன்னமும் எனக்கு மனப்பாடம். ஒன்றை மட்டும் அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. அந்தத் தளபதி எரித்தது தன் கப்பலை, எரித்துவிட்டு அதே கரையில் அவனும் நின்றான். நான் எரித்தது அவர்களுடைய கப்பலை, எரித்துவிட்டுக் கடலூர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.